எந்த மூசாயோஸ்? ஒரே பெயரில் வரும் கிரேக்கக் கவிஞர்களைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பிளேட்டோவை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது தொன்மப் பாடகர் ஆர்ஃபியஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள். நடுவில் மூசாயோஸ் என்று ஒரு பெயர் வருகிறது. தேடிப் பார்த்தால் ஹீரோ–லியாண்டர் (ஹீரோ என்பது பெண்ணின் பெயர்) காதல் கதையைப் பாடிய கவிஞர் கிடைக்கிறார். சரி, இவர்தான் என்று அடிக்குறிப்பில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறீர்கள்.

அந்த அடிக்குறிப்பு ஏறத்தாழ 900 ஆண்டுகள் பிசகியது. பிளேட்டோ கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதியவர். ஹீரோ–லியாண்டர் பாடிய மூசாயோஸ் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இருந்தவர். பிளேட்டோ சொல்வது வேறொருவரை.

கிரேக்கத் தொன்மங்களைத் தமிழில் எழுத வரும் புதியவர்கள் பலரும் இதே இடத்தில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன். என் முதல் மொழிபெயர்ப்பில் நானும் இடறினேன். அதன் பிறகு கடைப்பிடித்து வரும் முறை இது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான பிழைகள் அறியாமையால் வருவதில்லை, ஆறாவது படியை முதலில் செய்வதால் வருகின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், பெயர் வரும் பகுதி முழுதாக வேண்டும். ஒற்றை வரி போதாது, முன்னும் பின்னும் ஒரு பத்தியாவது இருக்கட்டும். மூசாயோஸுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் பல இடங்களில் விடையே.

இரண்டாவது, அந்தப் பகுதியின் மரபான எண். கிரேக்கப் பயண நூலாசிரியர் பாசேனியஸ் என்றால் 1.22.7 என்பது போல, பிளேட்டோ என்றால் நல்ல பதிப்புகளின் ஓரத்தில் வரும் 363 என்பது போன்ற மரபான பக்க எண். உங்கள் கையிலிருக்கும் அச்சுப் புத்தகத்தின் பக்கத்தை மட்டும் குறித்துவைத்தால், இன்னொரு பதிப்போடு ஒப்பிட வரும்போது திண்டாடுவீர்கள்.

மூன்றாவது, ஐந்தாறு வெற்று அட்டைகள். கணினியில் செய்பவர்கள் ஒரு அட்டவணை திறந்துகொள்ளலாம். எனக்குக் காகித அட்டைதான் பிடிக்கும், மேசையில் பரப்பினால் எல்லா மூசாயோஸ்களும் ஒரே பார்வையில் தெரிவார்கள்.

1. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் நிறுத்துங்கள்

கிரேக்கத்தில் மூசாயோஸ். லத்தீன் வழியாக வந்தால் மூசேயுஸ். ஆங்கிலம் வழியாக வந்தால் மியூசியஸ். மூன்றும் ஒரே பெயர். தமிழில் இந்த மூன்றும், இவற்றின் கலவைகளும் புழங்குகின்றன. ஒரு கட்டுரையில் மூசாயோஸ் என்றும் அடுத்த பத்தியில் மியூசியஸ் என்றும் எழுதினால், படிப்பவர் இரண்டு ஆட்கள் என்றே எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே பெயருக்கு ஆள் அதிகம், எழுத்துப்பிழையால் இன்னும் இரண்டு பேரைப் பிறப்பிக்க வேண்டாம்.

நான் மூசாயோஸ் என்று எழுதுகிறேன். பிளேட்டோ, ஹோமர், ஆர்ஃபியஸ் போல தமிழில் ஊறிவிட்ட பெயர்களை மட்டும் இருக்கிறபடி விட்டுவிடுகிறேன்.

இந்தப் படியிலேயே பெயரின் பொருளையும் குறித்துக்கொள்ளுங்கள். கலைகளின் தெய்வங்களான மியூஸ்களைக் கிரேக்கர் மூசா என்றார்கள். மூசாயோஸ் என்றால் மியூஸ்களைச் சேர்ந்தவன். பாடுகிற எவருக்கும் பொருந்துகிற பெயர் இது. ஆதிப் பாடகன் ஒருவனைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தால் கிரேக்கருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. ஒரு கவிஞன் வீட்டில் பிறந்த குழந்தைக்கு வைக்கவும் நல்ல பெயர்தான். பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து ஆள் ஒன்று என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இந்தப் பொருளே போதும்.

தேடும்போது வேறு இரண்டு தடங்கல்கள் வரும். மியூசியஸ் என்று தமிழில் தேடினால் கொழும்பிலுள்ள மியூசியஸ் கல்லூரி முன்னால் வந்து நிற்கும். ஜெர்மனியில் பிறந்து இலங்கைக்கு வந்த மேரி மியூசியஸ் ஹிக்கின்ஸ் அம்மையாரின் பெயரைத் தாங்கிய பெண்கள் பள்ளி அது. ஜெர்மானியரிடையே இது குடும்பப்பெயர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து எழுதிய 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் யோஹான் கார்ல் ஆகஸ்ட் மூசாயஸும் இதே பெயர்க்காரர்தான். இவர்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் பிறகு குழப்பம் இல்லை.

2. ஆளுக்கு ஓர் அட்டை போடுங்கள்

சங்கப் பாடல்களின் ஔவையாரையும் ஆத்திசூடி ஔவையாரையும் ஒருவராக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதியமானோடு பேசியவர் பல நூற்றாண்டு கழித்துக் குழந்தைகளுக்கு அறம் சொல்லிக்கொண்டிருப்பார். மூசாயோஸிலும் அதே நிலைதான். எனவே எதையும் முடிவு செய்யும் முன், வாய்ப்புள்ள எல்லோருக்கும் தனித்தனி அட்டை.

முதல் அட்டை: எலூசிஸ் (ஏதென்ஸுக்கு அருகிலுள்ள கோயில் ஊர்) அல்லது ஏதென்ஸின் மூசாயோஸ். தொன்மப் பாடகர், ஆரூடக்காரர், ஆர்ஃபியஸின் மாணவர் அல்லது மகன். கி.மு. நூல்களில் நீங்கள் சந்திக்கும் மூசாயோஸ் பெரும்பாலும் இவரே.

இரண்டாவது அட்டை: தீப்ஸ் ஊர் மூசாயோஸ். தாமிரஸ் என்ற தொன்மப் பாடகனின் மகன், ட்ராய்ப் போருக்கு வெகு முன்னால் இசைப்பாடல்கள் பாடியவர் என்று 10ஆம் நூற்றாண்டின் பைசாந்தியப் பேரகராதியான சூடா சொல்கிறது.

மூன்றாவது அட்டை: எபேசு ஊர் மூசாயோஸ். இவர் வரலாற்று மனிதர், காப்பியக் கவிஞர். சின்ன ஆசியாவின் பெர்கமோன் அரசவையைச் சார்ந்தவர், பெர்சியஸின் கதையைப் பத்து நூல்களில் பாடியவர், எவ்மெனஸ், அட்டலஸ் ஆகிய அரசர்களுக்குப் பாடல்கள் எழுதியவர் என்பதும் சூடா தரும் செய்தி. அந்த அரச குடும்பத்திலும் இதே இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே அரசர் பெயரை மட்டும் வைத்து இவருக்கு ஆண்டு குறிக்காதீர்கள்.

நான்காவது அட்டை: ஹீரோ–லியாண்டர் பாடிய மூசாயோஸ்.

ஐந்தாவது அட்டையில் மோசே என்று எழுதுங்கள். ஆம், விவிலியத்தின் மோசேதான். காரணம் 7ஆம் படியில் வரும்.

தீப்ஸ்காரரும் முதல் அட்டைக்காரரும் ஒரே தொன்மத்தின் இரண்டு வடிவங்களாக இருக்கலாமே என்று தோன்றும். இருக்கலாம். ஆனாலும் தனி அட்டையிலேயே வையுங்கள். பிரித்து வைத்த இரண்டு அட்டைகளைப் பிறகு சேர்க்க ஒரு நிமிடம் போதும். ஒரே அட்டையில் கலந்து எழுதிவிட்டால், எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று திரும்பப் பிரிக்க மூல நூல்களை மறுபடி புரட்ட வேண்டியிருக்கும்.

3. சொல்பவர் எந்தக் காலத்தவர் என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். மூசாயோஸ் யார் என்று கேட்கும் முன், மூசாயோஸைப் பற்றிச் சொல்பவர் யார், அவர் எப்போது எழுதினார் என்று கேளுங்கள்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்கு முன் எழுதிய எவரும் ஹீரோ–லியாண்டர் கவிஞரைக் குறிப்பிட முடியாது. இந்த ஒரு சல்லடையிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் மூசாயோஸின் ஆரூடங்களைப் பற்றிப் பேசுகிறார். சலாமிஸ் கடற்போரில் உடைந்த கப்பல்களின் சிதைவுகள் கரையொதுங்கியபோது, பாக்கிஸ் என்ற ஆரூடக்காரரும் மூசாயோஸும் சொன்ன ஆரூடங்கள் பலித்தன என்று எழுதுகிறார் (8.96). இது முதல் அட்டை. கி.மு. 405இல் அரங்கேறிய ‘தவளைகள்’ நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ், ஆர்ஃபியஸ் சடங்குகளையும் கொலை தவிர்த்தலையும், மூசாயோஸ் நோய்க்கு மருந்தையும் ஆரூடத்தையும், ஹெசியட் உழவையும் கற்பித்தார்கள், பிறகு ஹோமர் என்று வரிசைப்படுத்துகிறார். இதுவும் முதல் அட்டை. பிளேட்டோ எழுதிய விசாரணையின் முடிவில் சாக்ரட்டீஸ், இறந்தபின் ஆர்ஃபியஸ், மூசாயோஸ், ஹெசியட், ஹோமர் ஆகியோரோடு பேசக் கிடைத்தால் அதற்கு என்ன விலைதான் கொடுக்க மாட்டீர்கள் என்று கேட்கிறாரே, அதுவும் முதல் அட்டை. அந்த நால்வர் வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள். ஆர்ஃபியஸுக்கும் ஹெசியடுக்கும் நடுவில் மூசாயோஸ் நின்றால் ஐயமே வேண்டாம்.

ரோமானியக் கவிஞர் வர்ஜிலிடம் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். ‘ஈனியட்’ ஆறாம் நூலில் ஈனியஸ் கீழுலகத்துக்குப் போகிறான். அங்கே நல்லோர் வாழும் இடத்தில், கூட்டத்தின் நடுவே தோளுயரம் மிஞ்சி நிற்கும் மூசாயோஸிடம்தான் அவனை அழைத்துவந்த ஆரூடக்காரி சிபில் வழி கேட்கிறாள். அதே வர்ஜில் ‘ஜியார்ஜிக்ஸ்’ மூன்றாம் நூலில், காதலுக்காகப் புயல் இரவில் கடலை நீந்தும் இளைஞன் ஒருவனைப் பெயர் சொல்லாமல் பாடுகிறார். அவன் லியாண்டர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், வர்ஜில் ஹீரோ–லியாண்டர் பாடிய மூசாயோஸைப் படித்திருக்கிறார், அவரையே கீழுலகில் நிறுத்துகிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மிகவும் கவர்ச்சியான முடிவு, ஆனால் முழுத் தவறு. வர்ஜில் இறந்தது கி.மு. 19இல். கதையை அவர் அறிந்திருந்தார். கதையைப் பாடிய நம் நான்காம் அட்டைக்காரர் பிறக்க இன்னும் சில நூறு ஆண்டுகள் இருந்தன.

சொல்பவர் கி.பி. 6ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவர் என்றால் இந்தச் சல்லடை உதவாது. அப்போது அட்டையில் இரண்டு கட்டம் போடுங்கள்: “எழுதியவர் யாரை நினைத்தார்” என்று ஒன்று, “உண்மையில் யார்” என்று ஒன்று. ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால நூல்களுக்கு இது கட்டாயம் தேவை. 1598இல் அச்சான ஹீரோ–லியாண்டர் ஆங்கிலக் கவிதையில் மார்லோ, இந்தத் துயரக் கதையை “தெய்விக மூசாயோஸ்” பாடினார் என்கிறார். பாடியவர் நான்காம் அட்டை. ஆனால் “தெய்விக” என்ற அடைமொழியின் பின்னால் முதல் அட்டைக்காரரின் நிழல் இருக்கிறது. ஒரே கட்டம் போட்டால் இதில் ஒரு பாதி தொலைந்துவிடும்.

4. தந்தை, மகன், ஊர், கல்லறை: ஒட்டி வரும் அடையாளங்களைத் தனித்தனியே எழுதுங்கள்

காலம் முடிவானபின் அடையாளங்களுக்கு வாருங்கள். முதல் அட்டைக்காரரைப் பற்றிய செய்திகள் ஒன்றுக்கொன்று மோதும். மோதட்டும் என்று விட்டுவிட்டு, யார் எதைச் சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

பாசேனியஸ் இவரை ஆன்டியோஃபேமஸின் மகன் என்கிறார். வரலாற்றாசிரியர் டயோடோரஸ் ஆர்ஃபியஸின் மகன் என்கிறார். ஹெராக்ளீஸ் எலூசிஸ் மறைச்சடங்குகளில் தீட்சை பெற வந்தபோது அதை நடத்தும் பொறுப்பில் இவரே இருந்தார் என்பதும் டயோடோரஸ் தரும் செய்தி. பிளேட்டோவின் ‘குடியரசு’ இரண்டாம் நூலில், மூசாயோஸும் ஆர்ஃபியஸும் நிலாத் தெய்வமான செலீனிக்கும் மியூஸ்களுக்கும் பிறந்தவர்கள் என்ற பேச்சு வருகிறது. தத்துவ அறிஞர்களின் வாழ்க்கையை எழுதிய டயோஜெனஸ் லாயர்ஷியஸ் தன் நூலின் முன்னுரையில் இவரை யூமோல்பஸின் மகன் என்கிறார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பாரோஸ் தீவில் கல்லில் வெட்டப்பட்ட காலவரிசையோ யூமோல்பஸ்தான் மூசாயோஸின் மகன் என்கிறது. சூடாவும் அப்படியே.

ஆக, யூமோல்பஸ் ஓரிடத்தில் தந்தை, இன்னோரிடத்தில் மகன்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை நல்ல எண்ணத்தில் வருவது. இரண்டையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து, தாத்தா யூமோல்பஸ், மகன் மூசாயோஸ், பேரன் யூமோல்பஸ் என்று வம்சம் வரைந்துவிடுகிறார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது கிரேக்கரிடமும் நம்மிடமும் உள்ள வழக்கம் என்பதால் அது இயல்பாகவே தோன்றுகிறது. ஆனால் நான் மேலே சொன்ன எந்தச் சாட்சியும் அப்படி மூன்று தலைமுறை சொல்லவில்லை. அது கட்டுரையாளர் பெற்றெடுத்த வம்சம்.

ஏன் இந்த மோதல் என்று புரிந்துகொண்டால் சமரசம் செய்யும் ஆசை தானாகக் குறையும். எலூசிஸ் கோயிலின் தலைமைப் பூசாரிப் பதவி யூமோல்பிடை என்ற குடும்பத்துக்கு உரியது. அவர்களின் மூதாதை யூமோல்பஸ். ஒரு பாடகரை அந்த மூதாதைக்குத் தந்தையாக்கினாலும் மகனாக்கினாலும், அவர் பாடல்களுக்குக் கோயிலின் அதிகாரம் வந்து சேர்கிறது. ஆர்ஃபியஸின் மகன் என்றாலும் மாணவர் என்றாலும் வேறு வகை அதிகாரம் வந்து சேர்கிறது. இந்த வம்சாவளிகளை ஒவ்வொரு தரப்பும் முன்வைத்த உரிமைக் கோரிக்கையாகப் படியுங்கள். பிறப்புச் சான்றிதழாகப் படித்தால் தலைதான் வலிக்கும்.

கல்லறையிலும் இதே கதைதான். ஏதென்ஸில் அக்ரோபோலிஸுக்கு எதிரே உள்ள மூசெயோன் குன்றில் மூசாயோஸ் பாடினார், முதுமையில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார், அதனால்தான் குன்றுக்கு அந்தப் பெயர் என்று பாசேனியஸ் கேள்விப்பட்டதை எழுதுகிறார் (1.25.8). டயோஜெனஸோ பாலெரம் துறையில் அவர் கல்லறை இருப்பதாகச் சொல்லி, அங்குள்ள இரங்கற்பாவையும் தருகிறார். இரண்டையும் எழுதுங்கள். அந்தக் குன்று இன்றும் இருக்கிறது. உச்சியில் நிற்கும் ஃபிலோபாப்பஸ் நினைவுச்சின்னத்தின் பெயரால் இப்போது அழைக்கிறார்கள். பிற்காலத்தில் ஒரு சிரியாக்காரருக்கு அங்கே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள் என்று பாசேனியஸும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறார்.

5. ஆள் வேறு, அவர் பெயரில் வழங்கும் நூல் வேறு

முதல் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி நூல்களை எழுதுங்கள். முன்பக்கத்தில் எழுத வேண்டாம், ஏனென்றால் ஆளுக்கும் நூலுக்கும் உள்ள உறவே இங்கு ஐயத்துக்குரியது.

ஆரூடத் தொகுப்பு. தெய்வங்களின் பிறப்பைச் சொல்லும் ஒரு நூல், வானக் கோளத்தைப் பற்றி ஒன்று (இரண்டையும் இவரே முதன்முதலில் இயற்றினார் என்பது டயோஜெனஸ்). மகன் யூமோல்பஸுக்குச் சொன்ன 4,000 அடி அறிவுரைகள் (சூடா). டெல்ஃபி ஆரூடக் கோயில் ஒரு காலத்தில் பூமித்தாய்க்கும் கடல் தெய்வம் பொசைடனுக்கும் பொதுவாக இருந்தது என்று பாடும் ‘யூமோல்பியா’. தானியத் தெய்வமான டிமீட்டருக்கு ஒரு துதிப்பாடல். இவற்றில் முழுதாக ஒன்றும் நம்மிடம் இல்லை. மற்றவர்கள் மேற்கோள் காட்டிய சிதறிய அடிகள்தான் மிச்சம்.

இவற்றை “மூசாயோஸ் எழுதினார்” என்று எழுதக் கூடாது என்பதற்கு ஹெரோடோட்டஸ் தரும் ஒரு சம்பவத்தை (7.6) எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸை ஆண்ட பெய்சிஸ்ட்ராடஸ் குடும்பத்தின் நிழலில் ஓனோமக்ரிடஸ் என்றொருவர் இருந்தார். மூசாயோஸின் ஆரூடங்களைத் தொகுத்து ஒழுங்குபடுத்துவது அவர் வேலை. லெம்னோஸை ஒட்டிய தீவுகள் கடலில் மூழ்கும் என்ற ஓர் ஆரூடத்தை அவர் இடைச்செருகலாக நுழைத்தபோது, ஹெர்மியோனே ஊர்க் கவிஞர் லாசஸ் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். ஆட்சியாளர் ஹிப்பார்கஸ், அதுவரை நெருங்கிய நண்பராக இருந்தும், ஓனோமக்ரிடஸை நாடு கடத்தினார். பிறகு பாரசீக அரசவையில் அதே ஓனோமக்ரிடஸ், செர்க்ஸஸுக்குச் சாதகமான ஆரூடங்களை மட்டும் பாடிக்காட்டி, பாதகமானவற்றை மறைத்து, கிரேக்கத்தின்மீது படையெடுக்கத் தூண்டினார்.

ஒரு செருகல் பிடிபட்டது. பிடிபடாதவை எத்தனை? அந்தக் கேள்வியை ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு கழித்துப் பாசேனியஸ் நேராகவே கேட்டார். வடகாற்று போரியஸ் மூசாயோஸுக்குப் பறக்கும் ஆற்றலைத் தந்ததாக ஒரு பாடல் சொல்கிறது. அதைப் படித்தேன், ஆனால் அது ஓனோமக்ரிடஸ் இயற்றியது என்பது என் கருத்து என்கிறார். லிகோமிடை குடும்பத்தாருக்காகப் பாடிய டிமீட்டர் துதி ஒன்றைத் தவிர, உறுதியாக மூசாயோஸுடையது என்று எதுவும் இல்லை என்றும் சொல்கிறார் (1.22.7).

அரிஸ்டாட்டிலும் எச்சரிக்கையாகவே பேசுகிறார். விலங்குகளைப் பற்றிய நூலில் கழுகைச் சொல்லும்போது, மூன்று முட்டை இடும், இரண்டைப் பொரிக்கும், ஒன்றை வளர்க்கும் என்ற அடியை மேற்கோள் காட்டுகிறார். அதை அவர் “மூசாயோஸுடையவை எனப்படும் செய்யுட்களில்” உள்ளது என்கிறார். அந்த “எனப்படும்” என்ற சொல்லை மொழிபெயர்ப்பில் விட்டுவிடாதீர்கள். தமிழில் ஓட்டம் தடைபடுகிறது என்று அதை வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டினால் அரிஸ்டாட்டில் சொல்லாத உறுதியை அவர் வாயில் திணிக்கிறோம்.

நீங்கள் எழுதும்போது “மூசாயோஸ் பெயரில் வழங்கும்” என்பதே சரியான தொடர். நம் சித்தர் பாடல்களுக்கும் பிற்காலத் தனிப்பாடல்களுக்கும் இதே தொடரைப் பயன்படுத்திப் பழகியவர்கள்தானே நாம்.

6. ஹீரோ–லியாண்டர் கவிஞரைத் தனியே சரிபாருங்கள்

நான்காவது அட்டைக்கு இப்போதுதான் வர வேண்டும். முன்பே வந்தால், முழு நூல் கிடைக்கிற ஒரே மூசாயோஸ் இவர் என்பதால், மற்ற எல்லாச் செய்திகளும் இவரை நோக்கி இழுபடும்.

நூல் சிறியது. 343 அடிகள், ஹோமர் பயன்படுத்திய அதே ஆறு சீர் அடி. ஹெலஸ்பாண்ட் நீரிணையின் ஒரு கரையில் செஸ்டோஸ், மறுகரையில் அபிடோஸ். செஸ்டோஸில் அஃப்ரோடைட்டியின் பூசாரியாக ஹீரோ, அபிடோஸில் லியாண்டர். அவள் கோபுரத்தில் ஏற்றும் விளக்கை வழிகாட்டியாகக் கொண்டு அவன் இரவுதோறும் நீந்தி வருகிறான். ஒரு குளிர்கால இரவில் காற்று விளக்கை அணைத்துவிடுகிறது.

இவரை முதல் அட்டைக்காரரோடு கலந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். 1495 வாக்கில் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் கிரேக்க நூல்களை அச்சிடத் தொடங்கியபோது, மிகப் பழைய கவிஞர் என்ற நம்பிக்கையில் இந்த நூலைத் தன் முதல் வெளியீடுகளில் ஒன்றாக்கினார். 1561இல் வெளிவந்த தன் கவிதையியல் நூலில் ஜூலியஸ் சீசர் ஸ்கேலிகர் மூசாயோஸை ஹோமருக்கும் மேலே வைத்தார். ஹோமருக்கு முந்தியவரின் தூய நடை என்று அவர் நம்பியது, ஹோமருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பிந்தியது. ஐசக் கசோபோன் போன்ற அறிஞர்கள்தான் இது பிற்காலத்து நூல் என்று எடுத்துக்காட்டினார்கள். ஆக, இந்தப் பிழை உங்களுக்கு நேர்ந்தால் மனம் உடைய வேண்டாம். திருத்தாமல் விடுவதுதான் தவறு.

எதை வைத்துப் பிற்காலம் என்கிறோம்? இரண்டு சான்றுகளை அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, நடை. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பனோபோலிஸிலிருந்து வந்த நோனஸ், பழைய ஆறு சீர் அடிக்குக் கடுமையான புது ஒழுங்குகளைக் கொண்டுவந்தார். இந்தக் கவிதை அந்த ஒழுங்குகளைப் பின்பற்றுகிறது, நோனஸின் சொற்சேர்க்கைகளை எதிரொலிக்கிறது. நம்மில் ஒரு செய்யுளின் யாப்பைப் பார்த்தே இது சங்கத்துக்குப் பிந்தியது என்று சொல்வதைப் போன்றதுதான். இரண்டு, சுவடிகள். அவை இவரை ‘கிராமட்டிகோஸ்’ என்ற அடைமொழியோடு குறிக்கின்றன.

அந்தச் சொல்லை “இலக்கணக்காரர்” என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. கிராமட்டிகோஸ் என்பவர் பழைய கவிதைகளைச் சொல் சொல்லாகப் பிரித்து, பொருள் விளக்கி, மாணவருக்குப் பாடம் சொல்பவர். தமிழில் உரையாசிரியர் என்ற சொல்லே அவருக்கு மிக அருகில் வருகிறது. நான் “இலக்கிய ஆசிரியர்” என்று எழுதி, முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன்.

இன்னொரு பிழை: மூசாயோஸ் படைத்த கதை என்று எழுதுவது. ரோமானியக் கவிஞர் ஓவிட் தன் ‘ஹெராய்டஸ்’ நூலில் லியாண்டரும் ஹீரோவும் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்களையே இரண்டு கவிதைகளாக்கியிருக்கிறார். வர்ஜிலை மேலே பார்த்தோம். கதை பழையது, இந்தக் கவிதை பிந்தியது. “நமக்கு முழுதாகக் கிடைத்த கிரேக்க வடிவம்” என்றால் சரியாக இருக்கும்.

7. மோசே அட்டையை மறக்காதீர்கள்

யூத வரலாற்றாசிரியர் ஆர்டபனஸ், மோசேயைக் கிரேக்கர்கள் மூசாயோஸ் என்று அழைத்தார்கள், அவரே ஆர்ஃபியஸின் ஆசிரியர் என்று எழுதினார். அந்தப் பகுதி கி.பி. 4ஆம் நூற்றாண்டு யூசிபியஸின் நூலில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. தத்துவ அறிஞர் நுமேனியஸும் மோசேயை இந்தப் பெயரால் குறிப்பிட்டார்.

இங்கே உறவு தலைகீழாகிறது என்பதைக் கவனியுங்கள். மற்ற இடங்களில் பொதுவாக ஆர்ஃபியஸ் ஆசிரியர் அல்லது தந்தை, மூசாயோஸ் மாணவர் அல்லது மகன். “மூசாயோஸ் ஆர்ஃபியஸின் ஆசிரியர்” என்று எங்காவது பார்த்தால், அது முதல் அட்டைக்கான புதுச் செய்தி என்று மகிழ்ந்துவிட வேண்டாம். பெரும்பாலும் அதன் வேர் ஆர்டபனஸில் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்த பிறகே அட்டையில் ஏற்றுங்கள்.

8. ஓவியத்தில் பெயர் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள்

கட்டுரைக்குப் படம் தேடும்போது இந்தப் படி. யாழ் பிடித்த இளைஞன் எல்லாம் மூசாயோஸ் இல்லை. அப்போலோ, ஆர்ஃபியஸ், தொன்ம இசை ஆசிரியர் லினஸ், தாமிரஸ் எல்லோரும் யாழோடுதான் வருவார்கள். கிரேக்கக் குவளை ஓவியர்கள் பல நேரங்களில் பாத்திரத்தின் பெயரைப் பக்கத்திலேயே எழுதிவிடுவார்கள். அதைப் பாருங்கள்.

நம்பிப் பயன்படுத்தக்கூடியவை இரண்டு. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு கிண்ணம்: லினஸ் கையில் சுருளோடு உட்கார்ந்திருக்கிறார், மூசாயோஸ் எதிரே நிற்கும் மாணவன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மூசாயோஸை மனைவி டெயோபே, மகன் யூமோல்பஸ் ஆகியோரோடு காட்டும் ஜாடி. இரண்டும் கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் வேலை. இரண்டாவது படம் 4ஆம் படிக்கும் சாட்சி: அதை வரைந்தவருக்கு யூமோல்பஸ் மகன்தான்.

9. எழுதும்போதும் எழுதிய பிறகும்

பெயர் முதல்முறை வரும்போது அடையாளச் சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். “தொன்மப் பாடகர் மூசாயோஸ்”, “எபேசு மூசாயோஸ்”, “ஹீரோ–லியாண்டர் பாடிய மூசாயோஸ்”. முன்னவர், பின்னவர், மூத்தவர், இளையவர் என்ற சொற்களைத் தவிருங்கள். அவை உறவினரைப் போலத் தொனிக்கும்.

தொன்மப் பாடகருக்குப் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு போடாதீர்கள். தகவல் பெட்டியில் கட்டம் காலியாக இருக்கிறதே என்று உறுத்தும். காலியாகவே விடுங்கள். அதற்குப் பதில் “முதலில் குறிப்பிடுபவர்கள்” என்று ஒரு வரி சேர்த்தால் வாசகருக்கு உண்மையிலேயே பயன்படும்.

சாட்சியைச் சொல்லாமல் மூசாயோஸின் பெயரை மட்டும் சொல்லி வினைமுற்றில் உறுதி காட்டும் வாக்கியங்களைத் தேடிப்பிடியுங்கள். “மூசாயோஸ் ஏதென்ஸில் இறந்தார்” என்பதை “மூசெயோன் குன்றில் புதைக்கப்பட்டதாகப் பாசேனியஸ் கேள்விப்பட்டார்” என்று மாற்றுங்கள். வாக்கியம் நீளும். நீளட்டும்.

கடைசியாக, கட்டுரையில் மூசாயோஸ் வரும் ஒவ்வோர் இடத்திலும் பெயருக்குப் பதிலாக அட்டை எண்ணைப் போட்டு ஒருமுறை உரக்கப் படியுங்கள். “பிளேட்டோ நான்காம் அட்டையைக் குறிப்பிடுகிறார்” என்று உங்கள் வாயிலிருந்தே வந்தால் காது உடனே பிடித்துவிடும். அந்த வரியைத் திருத்திவிட்டு, மூன்றாம் படியிலிருந்து மறுபடி வாருங்கள்.